ஒரே புகார், ஆறு காரணங்கள்: மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தும் விடாத வலி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வலி சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 54 வயதுப் பெண் ஒருவரின் நிகழ்வு இது. யாருடைய அடையாளமும் தெரியக்கூடாது என்பதற்காக, ஒரே மாதிரி சிக்கல்களோடு வந்த சிலரின் விவரங்களைக் கலந்து ஒருவராக எழுதியிருக்கிறேன். தனியாக உட்கார்ந்து வலியைத் தாங்கிக்கொண்டிருப்பவர்களுக்கும் அவர்களைப் பார்க்கும் மருத்துவர்களுக்கும் ஒருசேரப் பயன்பட வேண்டும் என்பதால், கலைச்சொற்களை முடிந்தவரை குறைத்திருக்கிறேன்.

முன்கதை

தொழில் தையல். வலது கைப்பழக்கம். வலது மார்பில்தான் கட்டி. மார்பகம் முழுவதையும் அகற்றி, அக்குளிலிருந்து 17 நிணநீர் முடிச்சுகளை எடுத்தார்கள். அவற்றில் 4இல் புற்றுநோய் இருந்தது. ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும் வகை), ஹெர்2 என்னும் புரதம் நெகட்டிவ். அறுவைக்குப் பின் கீமோ: டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் 4 சுற்று, அதன் பிறகு வாராவாரம் பேக்லிடாக்சல் 12 முறை. அப்புறம் மார்புச் சுவருக்கும் காறை எலும்புக்கு மேலேயும் கதிர்வீச்சு. அது முடிந்ததும் புற்றுநோய் திரும்பாமலிருக்க தினம் ஒரு லெட்ரோசோல் என்னும் ஹார்மோன் சிகிச்சை மாத்திரை, குறைந்தது 5 ஆண்டுக்கு.

எங்களிடம் வந்தபோது கதிர்வீச்சு முடிந்து 18 மாதம் ஆகியிருந்தது. கையில் இருந்த கடிதம் ஒரே வரிதான்: வலது கை, மார்பு வலி, மருந்துக்குக் கட்டுப்படவில்லை. வேறொரு மருத்துவர் எழுதிக்கொடுத்த நரம்பு வலி மருந்தான ப்ரீகாபாலின் காலையும் இரவும் 75 மி.கி. போய்க்கொண்டிருந்தது. அவ்வப்போது பாராசிட்டமால்.

"உடம்பு முழுக்க வலி டாக்டர். எங்கேன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல. ஆபரேஷன் நல்லா ஆயிடுச்சு, ரிப்போர்ட் எல்லாம் கிளியர், இன்னும் என்னன்னு வீட்டுல கேக்குறாங்க."

வலியின் படம்

இந்த மாதிரி நேரத்தில் கேள்வி கேட்டுக்கொண்டே போவதைவிடப் படம் வரையச் சொல்வது மேல். உடலின் முன்பக்க, பின்பக்கக் கோட்டோவியம் அச்சடித்த தாளையும் நாலைந்து நிறப் பென்சில்களையும் கொடுத்து, எந்த மாதிரி வலியோ அதற்கு ஒரு நிறம் என்று தீட்டச் சொன்னேன். அவர் நிதானமாக, ஓரம் பிசகாமல் வரைந்தார். தொழில் அப்படி.

சிவப்பு, வலது மேற்கையின் உள்பக்கமும் அக்குளும் தழும்பின் ஓரமும்: காந்தல், துணி உரசினாலே சுரீரென்று தெறிக்கிறது. நீலம், தோளின் முன்பக்கம்: இறுக்கம், கையைத் தூக்கினால் இழுக்கிறது. பச்சை, முழங்கைக்குக் கீழே: வலி என்று சொல்ல முடியாது, கனம். மஞ்சள், இரண்டு கை விரல் மூட்டுகளும் முழங்கால்களும்: குடைச்சல், காலையில் எழுந்தால் அரைமணி நேரம் கையை மடக்க முடியாது. கறுப்பு, விரல் நுனிகளும் இரண்டு பாதங்களும்: மதமதப்பு, ஊசி குத்தல். கடைசியாக முதுகின் நடுவில், வலது தோள்பட்டை எலும்பை ஒட்டி ஒரு சின்ன வட்டம். அதற்கு நிறம் தீட்டவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அது புதுசு" என்று மட்டும் சொன்னார்.

உடம்பு முழுக்க வலி என்று வந்தவர், தாளில் ஆறு வேறு வேறு வலிகளைக் காட்டிவிட்டார். ஆறுக்கும் ஒரே மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். அது கேட்காததில் வியப்பில்லை.

அந்த நிறமில்லாத வட்டம்

முதுகு வலி தொடங்கி 6 வாரம். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறது. நிணநீர் முடிச்சு வரை பரவியிருந்த மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் இப்படிச் சொன்னால், மற்ற எதையும் பேசுவதற்கு முன் முடிக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நோய் எலும்புக்குப் போயிருக்கிறதா? அறிகுறி இல்லாதவர்களுக்கு வழக்கமாக ஸ்கேனும் ட்யூமர் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் எடுத்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட நடைமுறை. ஆனால் இவருக்கு அறிகுறி இருக்கிறது. இரண்டும் வேறு.

மாத்திரைகளைச் சரிபார்க்கும்போது லெட்ரோசோல் அட்டையைக் காணோம். "அம்மா, கடைசியா எப்போ வாங்கினீங்க?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. கூட வந்திருந்த கணவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்ன பிறகு பேசினார். மாத்திரையை நிறுத்தி 7 வாரம். கத்திரிக்கோலைப் பிடிக்க முடியாத அளவுக்கு விரல் வலி, அதனால் நிறுத்தினார். மறுவாரம் முதுகு வலி தொடங்கிவிட்டது. நிறுத்தியதால்தான் நோய் திரும்பிவிட்டது, இதை நாமே வரவழைத்துக்கொண்டோம் என்று முடிவு கட்டி, யாரிடமும் மூச்சு விடாமல் இருந்திருக்கிறார்.

சில வாரம் மாத்திரை விட்டதால் மட்டும் மறுவாரமே எலும்பில் நோய் வந்து வலிக்காது, அது அப்படி நடப்பதில்லை என்று சொன்னேன். அதே சமயம், ஒன்றும் இருக்காது என்று பொய்யாகத் தேற்றவும் இல்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன், முடிவு எதுவானாலும் நானே சொல்கிறேன் என்றேன். முதுகெலும்புக்கு எம்.ஆர்.ஐ., உடல் முழுவதற்கும் எலும்பு ஸ்கேன், கால்சியம், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், கல்லீரல் சோதனை, வைட்டமின் டி, தைராய்டு எல்லாம் எடுத்தோம். அக்குளுக்கும் கையின் ரத்தக் குழாய்களுக்கும் அல்ட்ராசவுண்ட். கை வீங்கும்போது ரத்தக் கட்டியோ அக்குளில் புதுக் கட்டியோ காரணமாக இருக்கக் கூடும் என்பதால் அது.

எலும்பில் நோய் இல்லை. அக்குளிலும் இல்லை. ரத்தக் கட்டி இல்லை. வைட்டமின் டி மிகக் குறைவு. பின்னர் எடுத்த எலும்பு அடர்த்திச் சோதனையில் இடுப்பில் டி மதிப்பு −2.1, அதாவது எலும்புப்புரை என்னும் கோட்டை (−2.5) இன்னும் தொடவில்லை, ஆனால் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது. லெட்ரோசோல் வகை மருந்துகள் உடலில் மிச்சமிருக்கும் ஈஸ்ட்ரோஜனையும் வற்றச் செய்பவை. எலும்பு தேய்வது அதன் நேரடி விளைவு.

முதுகு வலி? வலது கையைத் தூக்க முடியாததால் தோளை முன்னே சுருக்கி, உடம்பைச் சாய்த்து உட்கார்ந்து தைத்திருக்கிறார். அந்த 6 வாரமும் வேலை அதிகம். தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவிலுள்ள தசையில் விரல் வைத்து அழுத்தியதும், "இதே வலிதான்" என்றார். இரவில் எழுப்பியது வலியைவிடப் பயம் என்று பிறகு அவரே சொன்னார்.

பரிசோதனையில் தெரிந்தவை

சிவப்பு. பஞ்சை மெல்ல இழுத்துக்கொண்டு போய், எங்கே உணர்வு மாறுகிறதோ அங்கே தோலில் பேனாவால் புள்ளி வைத்தோம். மேற்கையின் உள்பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம் மரத்திருந்தது. அதன் எல்லை நெடுகப் பஞ்சு பட்டாலே எரிச்சல். மரத்துப்போன இடமே வலிக்கிறதே என்று பலர் குழம்புவார்கள். நரம்பு அறுபட்ட வலியின் குணமே அதுதான். இரண்டாம் விலா இடைவெளியிலிருந்து கிளம்பி அக்குளைக் குறுக்கே கடந்து மேற்கையின் தோலுக்குப் போகும் ஒரு நரம்பு இருக்கிறது. அக்குள் முடிச்சுகளை எடுக்கும்போது அது இழுபடுவதும் அறுபடுவதும் சாதாரணம். நரம்பு வலியைக் கண்டறிய உதவும் டி.என்.4 கேள்வித்தாளில் 10க்கு 4 வந்தாலே நரம்பு வலி என்று கொள்ளலாம். இவருக்கு 7.

நீலம். கையைப் பக்கவாட்டில் 95 டிகிரிக்கு மேல் தூக்க முடியவில்லை. ஆனால் முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்புறம் திருப்பினால் நன்றாகவே திரும்பியது. உறைந்த தோளில் (ஃப்ரோசன் ஷோல்டர்) முதலில் போவது அந்த அசைவுதான். ஆகவே இது உறைந்த தோள் இல்லை. கதிர்வீச்சு பட்டு நார் பாய்ந்த மார்புத் தசையும் தழும்பும் இழுத்துப் பிடித்திருந்தன. கையை அகட்டியதும் அக்குளில் தோலுக்கடியில் மெல்லிய நாண் ஒன்று விடைத்தது. அக்குள் அறுவைக்குப் பின் முதல் சில வாரங்களில் பலருக்கு வருவதுதான், பெரும்பாலும் சில மாதத்தில் தானே போய்விடும். இவருக்குப் போகவில்லை.

பச்சை. முழங்கைக்குக் கீழே வலது கை இடது கையைவிட 2.4 செ.மீ. பருமன். விரலால் அழுத்தினால் குழி விழுந்தது, இரவு கையை உயர்த்தி வைத்துத் தூங்கினால் காலையில் கொஞ்சம் குறைந்தது. நிணநீர் சரியாக வடியாமல் தேங்குவதால் வரும் நிணநீர் வீக்கத்தின் முதல் நிலை. எப்போது தொடங்கியது என்று கேட்டபோது வந்த பதில் நான் எதிர்பாராதது. தனக்குத் தைத்துக்கொள்ளும் மேலாடைகளில் வலது கையை மட்டும் ஓர் ஆண்டாகவே அரை அங்குலம் கூட்டி வெட்டிக்கொண்டிருக்கிறார். அளவு நோட்டில் குறிப்பும் இருந்தது. அடுத்த முறை அதைக் கொண்டுவந்தார். எங்கள் கோப்பில் வீக்கம் பற்றி ஒரு வரி இல்லாத மாதங்களில் அவர் நோட்டில் அது தேதியோடு பதிவாகியிருந்தது. ப்ரீகாபாலின் தொடங்கிய பின் இன்னும் கால் அங்குலம். அந்த மருந்துக்கு உடம்பில் நீர் கோக்கும் பக்கவிளைவும் எடை கூடும் பக்கவிளைவும் உண்டு; எடையும் 4 கிலோ ஏறியிருந்தது.

மஞ்சள். விரல் மூட்டுகளில் வீக்கமோ சூடோ இல்லை, முடக்குவாதத்துக்கான ரத்தச் சோதனைகளும் நெகட்டிவ். வலது கட்டைவிரல் மடக்கினால் மாட்டிக்கொண்டு, டக்கென்று விடுபட்டது. லெட்ரோசோல் தொடங்கிய மூன்றாம் மாதம் வந்த வலி, நிறுத்திய பின் பாதியாகக் குறைந்திருக்கிறது. காரணத்தைச் சொல்ல இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கறுப்பு. இரண்டு கைகளிலும் இரண்டு பாதங்களிலும் சமமாக, கையுறையும் காலுறையும் போட்ட பரப்பில். பேக்லிடாக்சல் நரம்பு நுனிகளைப் பாதித்தால் இப்படித்தான் வரும். ஒரு கையில் மட்டும் இருந்து, பலமும் குறைந்துகொண்டே போனால் கதையே வேறு: கதிர்வீச்சால் தோள் நரம்புப் பின்னல் பாதிக்கப்பட்டதா, அல்லது அங்கே கட்டி அழுத்துகிறதா என்று தேட வேண்டும். இவருக்குப் பலம் குறையவில்லை. சர்க்கரையும் பி12உம் சரியாக இருந்தன.

எதைத் தொட்டால் எது நகரும்

இந்த நிகழ்வை எழுதுவதற்கே காரணம் இந்தப் பகுதிதான். ஆறு காரணங்களையும் ஆறு நிபுணர்களிடம் பிரித்துக் கொடுத்திருந்தால், ஆளுக்கொரு சரியான மருந்து எழுதி, மொத்தத்தில் அவரை இன்னும் கெடுத்திருப்போம். நரம்பு வலிக்குக் கொடுத்த ப்ரீகாபாலின் கையை இன்னும் வீங்க வைத்தது. கை வீங்கும் என்ற பயத்தில் கையை ஆட்டாமல் வைத்திருந்தது தோளை இறுக்கியது. தோள் இறுகியது முதுகைப் பிடித்தது. முதுகு வலி, மாத்திரையை விட்டதன் தண்டனையாகத் தெரிந்தது. அந்த மாத்திரை புற்றுநோய் திரும்பாமல் காப்பது. அதை விட்டதற்குக் காரணம் மூட்டு வலி. சங்கிலியை எங்கிருந்து பிடித்தாலும் இன்னொரு முனை இழுபடுகிறது.

ஆகவே முதலில் புற்றுநோய் மருத்துவரிடம் பேசினோம். லெட்ரோசோல் குடும்பத்தில் ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களில் கணிசமானவர்களுக்கு இன்னொன்று ஒத்துக்கொள்கிறது, எக்ஸிமெஸ்டேனுக்கு மாற்றலாம். அதுவும் சரிவராவிட்டால் வேறு வகை ஹார்மோன் சிகிச்சை மருந்தான டமாக்சிபென் இருக்கிறது. இங்கேதான் ஒரு முடிச்சு. கீமோவால் வந்த நரம்பு வலிக்கு, ஆதாரத்தோடு பரிந்துரைக்கப்படும் ஒரே மருந்து டுலோக்செட்டின். 2013இல் வெளியான, 231 பேர் பங்கேற்ற ஆய்வு அதற்கு அடிப்படை. லெட்ரோசோல் வகை மருந்துகளால் வரும் மூட்டு வலியிலும் அதை 299 பெண்களிடம் சோதித்திருக்கிறார்கள். 12 வாரத்தில் வெற்று மாத்திரையைவிட நன்றாகவே வலியைக் குறைத்தது. ஒரே மருந்தில் மஞ்சள், கறுப்பு இரண்டும் அடங்க வாய்ப்பு. ஆனால் டமாக்சிபென்னை உடலில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றும் நொதியை டுலோக்செட்டின் ஓரளவு தடுக்கும். எனவே இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதைத் தவிர்ப்பதே வழக்கம். டமாக்சிபென்னுக்கு மாறுவதாக இருந்தால் டுலோக்செட்டின் கையை விட்டுப் போகும். அதனால் முதலில் எக்ஸிமெஸ்டேன், கூடவே டுலோக்செட்டின் என்று வரிசை முடிவானது.

இதை அவரிடமும் இப்படியேதான் விளக்கினேன். மருந்து மாற்றத்தை மட்டும் சொல்லிக் காரணத்தைச் சொல்லாமல் அனுப்பினால், விரல் வலித்த அன்று மறுபடியும் அட்டை அலமாரிக்குள் போய்விடும்.

செய்த சிகிச்சை

ப்ரீகாபாலினைப் படிப்படியாக இரண்டு வாரத்தில் நிறுத்தினோம். டுலோக்செட்டின் ஒரு வாரம் 30 மி.கி., பிறகு 60. முதல் சில நாள் குமட்டல் இருக்கும், சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், திடீரென்று நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தோம். இது மனச்சோர்வுக்கும் தரும் மருந்து என்பதால் மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு, "எனக்குப் பைத்தியம்னு நெனச்சுட்டீங்களா?" என்று போனில் கேட்டார். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மேற்கை எரிச்சலுக்கு 5 சதவீத லிடோகேய்ன் ஒட்டு. அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி அந்த நரம்பைச் சுற்றி மரப்பு ஊசியும் ஸ்டீராய்டும் போட்டதில் சில வாரங்களுக்கு எரிச்சல் நன்றாக அடங்கியது. அந்த இடைவெளி முக்கியம்: வலி அடங்கியிருக்கும்போதுதான் தோலைத் தொட்டுப் பழக்க முடியும். வெவ்வேறு துணிகளால் தினம் சில நிமிடம் அந்த இடத்தை வருடச் சொல்வது வழக்கம், மிருதுவானதில் தொடங்கிச் சொரசொரப்பானதுக்கு. துணி பற்றி இவருக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? அவரே வெட்டுத் துண்டுகளைத் தேர்ந்தெடுத்து ஒரு வளையத்தில் வரிசையாகக் கோத்துக்கொண்டு வந்தார். பிசியோதெரபிஸ்ட் அதை மற்ற நோயாளிகளுக்கும் செய்யச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கை வீக்கத்துக்கு முதலில் பல அடுக்குக் கட்டு, தோலைப் பராமரிப்பது, நிணநீரை வழிநடத்தும் மென்மையான தடவல். அளவு குறைந்ததும் 20 முதல் 30 மி.மீ. பாதரச அழுத்தம் தரும் கையுறையும் நீளக் கையுமாக அழுத்த உடை. தோளுக்கு மார்புத் தசையை நீட்டும் பயிற்சி, தழும்பு மசாஜ், சுவரில் விரல்களை ஊர்ந்தேற்றுவது.

எடை தூக்கும் பயிற்சிக்கு அவர் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. அந்தக் கையால் எதையும் தூக்காதே என்று அறுவை முடிந்த நாளிலிருந்து எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். இந்த அறிவுரை இன்னும் எப்படி உயிரோடிருக்கிறது என்று எனக்கு எரிச்சல் வருவதுண்டு. ஏற்கெனவே நிணநீர் வீக்கம் உள்ள 141 பெண்களை வைத்து 2009இல் வெளியான ஆய்வு, மேற்பார்வையில் மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போகும் எடைப் பயிற்சி வீக்கத்தை அதிகரிக்கவில்லை, அது திடீரென மோசமாகும் நேரங்களையும் குறைத்தது என்று காட்டியது. அரைக் கிலோவில் தொடங்கினோம், அழுத்த உடை போட்டுக்கொண்டு. மூட்டு வலிக்கும் இதே பயிற்சிதான் மருந்து: இந்த மாத்திரைகளால் மூட்டு வலி வந்த 121 பெண்களிடம் செய்த ஆய்வில், உடற்பயிற்சி செய்தவர்களின் கடும் வலி ஓராண்டில் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது.

மாட்டிக்கொள்ளும் கட்டைவிரலுக்கு ஸ்டீராய்டு ஊசி. அது வீக்கமுள்ள கை என்பதால் கிருமி நீக்கத்தில் கூடுதல் கவனம். வைட்டமின் டியும் கால்சியமும் தொடங்கினோம்.

கணவர் இல்லாத இன்னொரு சந்திப்பில், எழுந்து கதவு வரை போய்த் திரும்பி வந்து, உறவின்போது எரிச்சலும் வறட்சியும் தாங்க முடியவில்லை என்றார். ஈஸ்ட்ரோஜனை வற்றச் செய்யும் மருந்து எடுப்பவர்களில் மிகச் சாதாரணமான விஷயம் இது, நாங்கள் கேட்பதில்லை, அவர்கள் சொல்வதில்லை. ஹார்மோன் கலக்காத ஈரப்பத ஜெல்லை வாரத்தில் சில நாள் வழக்கமாகவும், வழுக்கு ஜெல்லைத் தேவைப்படும்போதும் பயன்படுத்தச் சொன்னேன். போதாமல் போனால் அடுத்த வழிகளைப் புற்றுநோய் மருத்துவரோடு சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

நான்காம் மாதம்

வலது ஆள்காட்டி விரலில் ஊசி குத்திவிட்டது. விரல் நுனி மதமதப்பு, அதனால் குத்தியதே தெரியவில்லை. மறுநாள் மாலை கை சிவந்து, சூடாகி, குளிர்க்காய்ச்சல். நிணநீர் வடிகால் கெட்ட கையில் சின்னக் காயம்கூட ஒரே நாளில் தோல் தொற்றாகப் பரவிவிடும். இப்படி நடந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்ததால், இரவே ஆன்ட்டிபயாடிக் தொடங்கிவிட்டார்கள். வலி அடங்கும்வரை அழுத்த உடையைக் கழற்றி வைக்கச் சொன்னோம். வீக்கம் பழைய அளவுக்குத் திரும்ப மூன்று வாரம் பிடித்தது.

அதன் பிறகு விரலுக்கு உலோக உறை போட்டுத்தான் கையால் தைக்கிறார். ரத்த அழுத்தம் பார்ப்பது, ரத்தம் எடுப்பது போன்றவற்றை அந்தக் கையில் செய்யவே கூடாதா என்று அப்போது கேட்டார். அவற்றால் வீக்கம் வருகிறது என்பதற்கான ஆதாரம் பலவீனமானது. மறு கை இருக்கும்போது அதைப் பயன்படுத்தலாம். அவசரத்தில் வேறு வழி இல்லை என்றால் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஊசிக் காயமும் தொற்றும்தான் இவருக்கு உண்மையான ஆபத்து.

ஒன்பது மாதத்துக்குப் பிறகு

தோள் 150 டிகிரி வரை போகிறது. மேல் அலமாரியிலிருந்து துணிக்கட்டை எடுக்கிறார். கை அளவில் வித்தியாசம் 1.3 செ.மீ. மூட்டு வலி 10க்கு 7இலிருந்து 3. கட்டைவிரல் மாட்டுவதில்லை. எக்ஸிமெஸ்டேனைத் தினமும் எடுக்கிறார். மேற்கை எரிச்சல் 8இலிருந்து 4, வெயில் நாளில் 5. முதுகு வலி நாற்காலியை உயர்த்தியதிலேயே பெரும்பாலும் போய்விட்டது.

பாதங்களின் ஊசி குத்தல் குறைந்திருக்கிறது. மதமதப்பு அப்படியே இருக்கிறது. கீமோ முடிந்த பின் ஓரிரு ஆண்டில் மீளாமல் நிற்கும் மரப்பு பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும் என்பதை அவரிடம் மறைக்கவில்லை. மிதியில் அழுத்தம் தெரியாமல் இயந்திரம் பாய்ந்துவிடுவதால் வேகத்தைக் குறைத்து வைத்து, மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்போடு தைக்கிறார். தினமும் படுக்கும் முன் பாதங்களில் காயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறோம். இல்லாத மார்பில் அரிப்பெடுப்பதும் நிற்கவில்லை. அதற்கு என்னிடம் நல்ல மருந்து இல்லை. டுலோக்செட்டினை 30க்குக் குறைத்துப் பார்த்ததில் மூட்டு வலி திரும்ப ஏறியது, மறுபடி 60.

பயம் குறைந்ததா என்று கேட்டால், அதற்கு ஓர் எல்லை கிடைத்திருக்கிறது என்று சொல்லலாம். எந்த வலிக்கு அழைப்பது, எதற்குக் காத்திருப்பது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்: புதிய இடத்தில் வந்து இரண்டு வாரம் தாண்டியும் போகாத வலி, இரவில் எழுப்பும் வலி, நாளுக்கு நாள் கூடும் வலி, கை திடீரென்று வீங்குவது, கை பலம் குறைவது, காரணமில்லாத மூச்சிரைப்பு அல்லது எடை குறைவு. இவற்றில் ஒன்று இருந்தால் யோசிக்காமல் அழைக்க வேண்டும். மற்ற வலிகள் வரைந்த படத்தில் ஏற்கெனவே இருப்பவையா என்று முதலில் பார்த்துக்கொள்கிறார். அந்தத் தாளின் நகல் ஒன்று அவர் வீட்டில் இருக்கிறது.

கலந்துரையாடல்

இவர் விதிவிலக்கானவர் இல்லை. டென்மார்க்கில் நாடு முழுவதும் மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்து 2 முதல் 3 ஆண்டான பெண்களிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், பதிலளித்த 3,253 பேரில் 47 சதவீதம் பேருக்கு வலி இருந்தது. வலி இருந்தவர்களில் 13 சதவீதம் பேருக்குக் கடும் வலி. இளம் வயது, அக்குள் முடிச்சுகள் முழுவதையும் எடுத்தது, கதிர்வீச்சு ஆகியவை வலியோடு தொடர்புடையவையாகத் தெரிந்தன. அந்த ஆய்வில் எனக்கு அதிகம் உறுத்தும் எண் வேறொன்று: வலி இருந்தவர்களில் 20 சதவீதம் பேர்தான் அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் அதற்காக மருத்துவரிடம் போயிருந்தார்கள். மீதிப் பேர் எல்லோருக்கும் லேசான வலி என்று நினைக்க நான் தயாராக இல்லை. உயிர் பிழைத்ததே பெரிது, இதைப் போய்ச் சொல்வதா என்ற தயக்கம் எங்கள் அறையில் தினமும் வந்து உட்காருகிறது.

அறுவையில் மாற்றம் வந்திருப்பதையும் சொல்ல வேண்டும். நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஓரிரு காவல் முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறையில் நிணநீர் வீக்கம் சுமார் 5, 6 சதவீதம் பேருக்குத்தான். அக்குள் முழுவதையும் சுத்தம் செய்தால் ஏறத்தாழ 20 சதவீதம். எல்லோருக்கும் அந்தக் குறைந்த அறுவை போதாது. இவருக்கு அக்குளைச் சுத்தம் செய்யக் காரணம் இருந்தது. ஆனால் அப்படிச் செய்தவர்களின் கை அளவை அறுவைக்கு முன்பே எடுத்து வைத்து, பிறகு மூன்று மாதத்துக்கொரு முறை ஒப்பிட்டிருந்தால், ஓர் ஆண்டு முன்பே வீக்கம் பிடிபட்டிருக்கும். ஒரு அளவு நாடா போதும்.

இந்தச் சிகிச்சையின் குறை, நேரம். முதல் சந்திப்பு ஒன்றரை மணி நேரம் எடுத்தது. நெரிசலான புறநோயாளிப் பிரிவில் அது நடக்காது என்று தெரியும். நடக்கக்கூடியது, வலிப் படத்தைக் காத்திருக்கும் நேரத்திலேயே வரையக் கொடுப்பது. செவிலியர் பேனாவும் பஞ்சும் அளவு நாடாவும் வைத்துக்கொண்டு முன்வேலையை முடித்துவிடுவது. லெட்ரோசோல் வகை மருந்து எடுப்பவரிடம் "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "நிறைய பேர் இதை விட்டுட்டு விட்டுட்டுப் போடுறாங்க, உங்களுக்கு எப்படிப் போகுது?" என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வருகிறது.

அடுத்து, எலும்பு அடர்த்தியை இரண்டாண்டு இடைவெளியில் மீண்டும் பார்க்க வேண்டும். டுலோக்செட்டினைக் குறைக்கும் முயற்சி பயிற்சி இன்னும் கூடிய பிறகு. முடிச்சுகளில் நோய் இருந்ததால், 5 ஆண்டு முடியும்போது ஹார்மோன் மருந்தை இன்னும் சில ஆண்டு நீட்டலாமா என்ற பேச்சு வரும். மூட்டு, எலும்பு, தூக்கம் மூன்றும் அப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்பதை வைத்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும் என்று புற்றுநோய் மருத்துவருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறேன். கடிதத்தின் ஒரு நகல் நோயாளியிடமும் இருக்கிறது.